ஒன்பது பேணித் தண்ணீர்

வீட்டை விட்டு வெளிக்கிட்டவர் எதையாவது மறந்து திரும்பி வந்தால், வந்த கையோடு மறுபடி போய்விடக் கூடாது. உள்ளே வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வீடுகளில் இது சட்டம். குடையை மறந்தவர், மூக்குக்கண்ணாடியை மறந்தவர் என்று வருடத்தில் நாலைந்து தரம் திரும்பி வருகிற மனிதர்களை மனதில் வைத்து யாரோ செய்த சட்டம். ஒரே காலையில் ஏழெட்டுத் தரம் திரும்பி வருகிற ஒருவன் பின்னாளில் பிறப்பான் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

நான் பிறந்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கிளாக்கராக இருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளும் தாளில் எழுதியிருக்கும் மூட்டைகளும் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. "அவர் பார்த்தால் பிழை இராது" என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது உண்மைதான். மற்றவர்கள் ஒருமுறை பார்ப்பதை நான் ஆறு முறை பார்ப்பேன். அலுவலகத்தில் அதைப் பொறுப்பு என்றார்கள். அதே காரியத்தை வீட்டில் காஸ் அடுப்பின் முன் நின்று செய்தால் அதற்கு வேறு பெயர் என்று எனக்குத் தெரிவதற்கு ஐம்பத்தொரு வயதாகிவிட்டது.

என் மனைவி ஆசிரியை. காலையில் இருவரும் ஒன்றாக என் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுவோம். கேற்றடிக்குப் போனதும் எனக்குச் சந்தேகம் வரும்: காஸ் ரெகுலேற்றரை மூடினேனா? போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். கேற்றடியில் மறுபடி சந்தேகம்: பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ? திரும்பவும் போவேன். எங்கள் ஊர் வீதிகளில் மான்கள் ஆட்டைப்போல அலையும். எங்கள் கேற்றடிக்கு வழக்கமாக வரும் ஒன்று, மதிலோரம் எறிந்த வாழைப்பழத்தோலை மென்றபடி, நான் போய் வருவதைத் தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாளடைவில் அது தலையைத் திருப்புவதையும் விட்டுவிட்டது.

என் மனைவி அந்த மானைவிடப் பொறுமைசாலி. முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் மூடி வைத்த எவர்சில்வர் பேணியில் தண்ணீர் என்று ஒரு நிரந்தர ஏற்பாடே செய்து வைத்திருந்தாள். குசினிவரை போய் வருகிற நேரம் மிச்சம்.

"இஞ்சாருங்கோ, எனக்கு முதலாம் பாடம் இருக்கு. கெதியாக் குடியுங்கோ."

குடிப்பேன். அவளுக்கும் கொஞ்சம் கொடுப்பேன். அவள் குடிக்க மாட்டாள்.

இதை வெளியே இருப்பவருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கண்ணில் குறையில்லை. ரெகுலேற்றர் மூடிக் கிடப்பது நன்றாகத் தெரிகிறது. ஆனால் கண் கொண்டுபோய்க் கொடுப்பதை மனம் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன் என்கிறது. போனில் படம் எடுத்து வைத்துப் பார்த்தேன். என் போனில் வெளியூரில் படிக்கும் மகளின் படங்களைவிடக் காஸ் அடுப்பின் படங்கள் அதிகம். பாதி வழியில் எடுத்துப் பார்த்தால், இது இன்றைய படமா நேற்றையதா என்று அடுத்த சந்தேகம். வீடு எரிந்துவிடும் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அது என்னால் எரிந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை என்னால் கருகியது என்று வருகிற நினைப்பைத்தான் தாங்க ஏலாது. அது நினைப்பு மட்டுமல்ல. மணம்கூட வரும்.

ஞாயிறுப் பத்திரிகை ஒன்றில் நான் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். ஆகவே இவ்வளவையும் எழுதினேன். மானையும் எழுதினேன், கதிரையையும் எழுதினேன். வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்ததாகச் சொன்னார்கள். ஒருவர்கூட, "ஐயா, இது வருத்தம், போய் டொக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன, எழுதியவனுக்கே தோன்றவில்லையே.

ஒரு விஷயத்தை மட்டும் நான் எழுதவில்லை.

அம்மா கிளிவெட்டியில், எங்கள் பழைய வீட்டில், அக்காவோடு இருந்தார். அத்தானுக்கு அங்கே வயல். நான் காலையில் ரெகுலேற்றரின் முன் அசையாமல் நின்றுவிட்ட ஒருநாள், மனைவி பொறுமை போய் அம்மாவுக்கு போன் போட்டு என் காதில் வைத்துவிட்டாள். நடந்ததைக் கேட்ட அம்மா சிரிக்கவில்லை. புத்தியும் சொல்லவில்லை.

"மூடிக் கிடக்கு மகன். நீ போட்டு வா" என்றார். போய்விட்டு வா என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் இருந்தது நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால், இடையில் பாலங்கள், வயல்கள் எல்லாம் தாண்டி. என் அடுப்பை அவர் கண்டது இரண்டு தரமோ மூன்று தரமோ. ஆனாலும் அவர் சொன்னதும் என் கால் நகர்ந்தது. அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. மோசமான காலைகளில் அம்மாவுக்கு போன் எடுப்பேன். "அம்மா, காஸ்" என்பேன். "மூடிக் கிடக்கு, போட்டு வா" என்பார். சில நாட்களில் கேள்விக்கே காத்திருக்க மாட்டார். அம்பது வயது ஆம்பிளை ஒருவன் அலுவலகத்துக்குப் போக இப்படி ஓர் அனுமதி தேவைப்பட்டது. அது பத்தியில் வர முடியாது. அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது போல.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. மனைவி ஏதோ பயிற்சி வகுப்பு என்று காலையிலேயே போய்விட்டாள். எட்டரைக்கு அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, அம்மாக்கு ஏலாமக் கிடக்கு. மூச்சு இழுக்குது. டொக்டர் வந்து பாத்திட்டு, இனி வீட்டிலயே வைச்சிருங்கோ எண்டிட்டுப் போட்டார். நீ உடன வெளிக்கிடு."

"இந்தா வெளிக்கிட்டிட்டன் அக்கா."

வெளிக்கிட்டேன். ஐந்து நிமிடத்தில் சட்டை மாற்றி, ஹெல்மெற் போட்டு, கேற்றைத் திறந்து மோட்டார் சைக்கிளை வீதிக்கு இறக்கிவிட்டேன். காலையில் தேத்தண்ணி போட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். மூடிக் கிடந்தது. கதிரையில் இருந்தேன், குடித்தேன், கதவைப் பூட்டினேன், வந்தேன். பூட்டினேனா? போனேன். பூட்டிக் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் பூட்டைத் திறந்தபடியால் மறுபடி அடுப்பு. வீட்டில் ஒருவரும் இல்லாததால் பேணியை நானே நிரப்பினேன். தண்ணீர் குடிக்காமல் ஓடிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். உயிர் போகிற வீட்டுக்குப் புறப்படுகிற ஒருவன் சகுனத் தடையை நீக்காமல் எப்படிப் போவது? நான் அதைச் செய்யாமல் போய், அதனாலேயே அம்மாவுக்கு ஏதும் ஆனால்? அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே குடித்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

ஐந்தாம் தரம் அடுப்பின் முன் நின்றபோது கால் அடியோடு நின்றுவிட்டது. மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. கை தானாகப் போனை எடுத்து, மோசமான காலைகளில் எடுக்கும் எண்ணை அழுத்தியது.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அம்மா, காஸ்" என்றேன்.

தூரத்தில் யாரோ தேவாரம் படிப்பது கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

"டேய்... நீ இன்னும் வீட்டிலயே நிக்கிறாய்?"

ரெகுலேற்றரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூடிக் கிடக்கடா" என்றாள் அக்கா. குரல் உடைந்துபோயிருந்தது. "மூடித்தான் கிடக்கு. நீ வா."

பாவம், அம்மா சொல்கிற அதே சொற்களைத்தான் சொன்னாள். ஆனால் அது அம்மா இல்லை. அதற்குப் பிறகு இன்னும் நாலு தரம் போனேன்.

ஒன்பது பேணித் தண்ணீரோடு மோட்டார் சைக்கிள் ஓட்டினால் என்ன நடக்குமோ அது கிண்ணியாப் பாலம் தாண்டியதும் நடந்தது. பற்றை மறைவில் நின்றேன். வாகனங்கள் மூதூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வேறொருவரைப் பற்றிய கதையாக இருந்தால் இந்த இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் செருப்புகள் கூடிக் கிடந்தன. அம்மா போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா, கையில் ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும் வைத்துக்கொண்டு இருந்தாள். போகிற உயிருக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு கரண்டி தண்ணீர் பருக்குவது எங்கள் வழக்கம். வீட்டில் இருந்து நான் ஒன்பது பேணி குடித்திருக்கிறேன். அம்மாவின் வாயில் ஒரு கரண்டி விட நான் அங்கே இல்லை.

"நான் பருக்கினனான்" என்றாள் அக்கா. "உன்ர பேரிலயும் ஒரு கரண்டி விட்டனான்."

அந்த போன் அழைப்பைப் பற்றி அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு நானேதான் பிறகு சொன்னேன்.

காஸ் பிரச்சினை அதோடு கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது. இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று வேறொன்று வந்து குந்திக்கொண்டது: அம்மா கடைசியில் என்னைக் கேட்டாரா?

அன்று பின்னேரமே அக்காவைக் கேட்டேன். "இல்லையடா, விடியவே நினைவு தப்பிட்டுது. ஒண்டும் கேக்கேல்ல" என்றாள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பத்து நிமிடம். பிறகு, என்னை நோகடிக்கக் கூடாது என்று சொல்கிறாளோ என்று தோன்றியது. மூன்றாம் நாள் மறுபடி கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டவடா. தம்பி வந்திட்டானோ எண்டு ஒருக்காக் கேட்டவ" என்றாள். அம்மா கேட்டார் என்றால் நான் பாவி. கேட்கவில்லை என்றால் நான் அவர் நினைவிலேயே இல்லை. இரண்டில் எது கிடைத்தாலும் எனக்கு நல்லதில்லை. ஆனாலும் எது என்று தெரிந்தே ஆக வேண்டும். எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கில் கேட்டேன். முப்பத்தோராம் நாள் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். பிறகு போனில். காலையில் ஒருமுறை, அலுவலக இடைவேளையில் ஒருமுறை.

"அக்கா, கேட்டவ எண்டு சொன்னீங்களே, அது விடியவோ, அதுக்குப் பிறகோ?"

"எனக்கு வடிவா நினைவில்லையடா."

"நினைவு தப்பிட்டுது எண்டு முதல் சொன்னீங்கள். நினைவு தப்பினவ எப்பிடிக் கேப்பா?"

இப்படி. கப்பல் தாளில் ஓர் எண்ணில் சந்தேகம் வந்து, அழித்து எழுதி, அழித்து எழுதி, கடைசியில் அந்த இடத்தில் தாளே ஓட்டையாகிப் போவதுண்டு. என் அக்காவின் நினைவில் நான் செய்தது அதுதான். உண்மையில் நடந்தது எது, என் முகத்துக்காகச் சொன்னது எது என்று பிரித்தறிய அவளுக்கும் ஏலாமல் போய்விட்டது. அதை அறிந்த ஒரே சாட்சியை நானே கேட்டுக் கேட்டுக் கெடுத்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் அவள் வெடித்தாள்.

"உனக்கு எது வேணும், சொல்லு. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறன். ஒவ்வொருக்கா நீ கேக்கேக்கையும் நான் திரும்பவும் போய் அந்தக் கட்டிலடியில நிக்க வேண்டிக் கிடக்கு, தெரியுமோ? எனக்கும் அவ அம்மாதானடா."

அதற்குப் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கவில்லை. அத்தான் எடுப்பார். "அவ வயலுக்குப் போட்டா" என்பார். பின்னால் அக்கா கோழிகளைத் துரத்துகிற சத்தம் கேட்கும். அத்தானுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் வயலுக்குத்தான் அனுப்பினார், அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடந்த மாதத்திலும்.

நான் பிறந்த வீட்டில் அம்மாவுக்குப் பிறகு மிஞ்சியிருந்தது அக்கா ஒருத்திதான். அவளையும் இந்தக் கேள்வியால் தின்று முடித்துவிட்டேன் என்று தெரிந்த அன்றுதான் மனைவி சொன்னதற்குச் சம்மதித்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பெண்பிள்ளை, என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓசிடி என்றார். தமிழில் எண்ணச் சுழற்சி நோய். பெயர் கிடைத்ததும் வாசிக்கிற புத்தி சும்மா இருக்குமா? ஒரு மாதம் அகப்பட்டதெல்லாம் வாசித்தேன். சரியாக விளங்கினதா என்று வாசித்ததையே மறுபடி வாசித்தேன். அதுவும் வருத்தத்தின் வேலைதான் என்று டொக்டர் சொன்ன பிறகு விட்டுவிட்டேன்.

"உங்கட சந்தேகம் குலைக்கிற நாய் மாதிரி" என்றார் ஒருநாள். "ஒவ்வொருக்காவும் நீங்கள் எழும்பிப் போய் அதுக்கு ஒரு பிஸ்கட் குடுக்கிறியள். போய்ப் பாக்கிறது ஒரு பிஸ்கட். தண்ணி குடிக்கிறது இன்னொண்டு. அக்காவைக் கேக்கிறது பெரிய பிஸ்கட். அது ஏன் குலைக்கிறதை விடப்போகுது?"

"அப்ப கேக்காம இருந்தா?"

"முதல்ல இன்னும் கூடக் குலைக்கும். பயந்திடாதேங்கோ. இருந்து பாருங்கோ, களைச்சுப் படுக்கும்."

விட்டேனா? அவரையும் கேட்டேன். "டொக்டர், உங்கட அனுபவத்தில சொல்லுங்கோ. அந்த நிலையில அம்மா என்னைக் கேட்டிருப்பாவோ?"

அவர் பேனையை மூடி வைத்தார். "எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்கட அக்காவுக்கும் இப்ப தெரியாமப் போயிருக்கும். தெரியாமலே இருக்கப் பழகிறதுதான் வைத்தியம்."

"மருந்துக் குளிசை ஒண்டும் இல்லையோ?"

"அதுவும் தாறன்" என்றார். அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

எனக்குக் கிடைத்தது போல மனைவிக்கும் வீட்டுப்பாடம் கிடைத்தது. கதிரையையும் முக்காலியையும் பேணியையும் எடுத்துவிட வேண்டும். "மூடிக் கிடக்கு" என்று வாயால் சொல்லக் கூடாது. முதல் நாள் கேற்றடியில் நான் உள்ளே ஓடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்து வேறு பக்கம் திரும்பி நின்றாள். இத்தனை வருடம் எனக்கு இரக்கப்பட்டுச் செய்ததெல்லாம் அந்த நாய்க்குப் போட்ட சாப்பாடு என்று கேட்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அம்மாவும் அப்படித்தான் போட்டிருக்கிறார். "மூடிக் கிடக்கு, போட்டு வா." அதையும் பிஸ்கட் கணக்கில் சேர்க்க டொக்டர் சொன்னார். சேர்த்தேன். ஆனால் அதை மட்டும் முழு மனதோடு சேர்க்கவில்லை.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். ஒன்பது, நாலாகி, இரண்டாகியிருக்கிறது. சில நாட்களில் ஒன்று. அலுவலகத்தில் நெருக்கடி வந்தால் மறுபடி நாலு. மான் இப்போது எங்கள் கேற்றடிக்கு வருவதைக் குறைத்துவிட்டது. பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கிறது.

இந்த மாதம், அம்மா போய் ஒரு வருடம் முடிந்து, ஆட்டைத் திவசம் வந்தது. மனைவிக்குக் காய்ச்சல், தனியாகத்தான் போனேன். அக்காவைக் கேட்பதில்லை என்று டொக்டரிடம் சொல்லிவிட்டுப் போனேன். மாதக் கணக்கில் என் குரலையே கேட்காத அக்கா, வாசலில் என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னுக்குப் போனாள். கடன்காரனைக் கண்டவர்கள்கூட அப்படிப் போக மாட்டார்கள். நான், "கறிக்கு என்ன வெட்ட வேணும்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு கூடை கத்தரிக்காயைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.

படையல் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய், பின்னேரம் கிணற்றடியில் அக்கா பாத்திரம் கழுவ, நான் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்கும், அந்தக் கேள்வி வரும் என்று. கடைசியில் அவளுக்குத்தான் தாங்க ஏலவில்லை.

"தம்பி."

"என்னக்கா?"

"அண்டைக்கு நடந்ததை ஒருக்கா வடிவாச் சொல்லட்டோ? நான் இருந்து யோசிச்சனான். இப்ப எனக்கு நல்லா நினைவு வந்திட்டுது. ஒரே ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு நீ கேக்கக்குடாது."

வாளி என் கையில் பாதியில் நின்றது. வாய்க்குள் 'ஓம்' வந்து பல்லை முட்டிக்கொண்டு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணும் என் முகத்திலேயே இருந்தது, எதைச் சொன்னால் இவன் நிம்மதியாகப் போவான் என்று. அந்தப் பார்வையை மூன்றாம் நாளிலும் கண்டிருக்கிறேன்.

"வேண்டாம் அக்கா" என்றேன்.

"உண்மையாவோ?"

"வேண்டாம். கழுவுங்கோ."

அவள் குனிந்து கழுவினாள். கொஞ்ச நேரம் சென்று, அழுகிறாள் என்று தெரிந்தது. நான் தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் செய்தது துணிவா, பயமா என்று இன்றுவரைக்கும் தெரியாது. அதையும் தெரியாமலே வைத்திருக்கிறேன். வைக்க இடம் இருக்கிறது.

புறப்படும்போது, வீட்டுக்கென்று கட்டித் தந்த வடைப் பார்சலை மறந்துவிட்டு வீதிவரை வந்துவிட்டேன். "டேய், நில்லு! நீ திரும்பி வராத!" என்று அக்கா கத்தினாள். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் நோவோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து பார்சலைக் கையில் தந்தாள். மூச்சு வாங்கியது. நான் திரும்பி வந்தால் தண்ணீர் தர வேண்டி வரும். தந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனைவியாகத்தான் இருக்கும்.

"போட்டு வா" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெற்றைக் கழற்ற முன்பே போன் அடித்தது. அக்காவின் எண். மாதக் கணக்கில் அவளாக எடுத்தது அதுதான் முதல்தடவை.

"போய்ச் சேர்ந்திட்டியோ?"

"ஓம் அக்கா."

"சரி, வைக்கிறன்."

வைத்துவிட்டாள். ஒரே ஒரு தரம் கேட்டாள், பதில் கிடைத்தது, போதும் என்று வைத்துவிட்டாள். உண்மையாகவா, வீட்டுக்குள் வந்துவிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று ஒன்றுமில்லை. மற்றவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் போலும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்கதவடியில், கதிரை இருந்த இடத்தில், கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா கேட்டிருந்தால் அவரும் ஒரு தரம்தான் கேட்டிருப்பார்.